எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்றில் செம்பு

சென்னை விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்த சுங்க அதிகாரி முதலில் சுத்தியலை எடுத்தார். பிறகு லாட வடிவக் காந்தம். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடி. மூன்றையும் மேசையில் பரப்பிவிட்டு, நகை போட்டு வரும் மலேசியத் தமிழச்சிகளையே பார்த்துப் பழகிய கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“தம்பி வீட்டுக் கிணத்துல தங்கமோ செம்போ கெடச்சிருக்காம். பாக்கப் போறேன்.”

பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “விடுய்யா. வெளிய இருந்து தங்கம் வந்தாத்தான் நமக்கு வேலை. உள்ளேயே கெடச்சா நமக்கென்ன?”

இப்படித்தான் தாய்நாட்டுக்குள் நுழைந்தேன். என் அப்பாவின் தாய்நாடு என்று சொல்ல வேண்டும். நான் ஈப்போக்காரி. மண்ணைக் கழுவிப் பிழைத்த ஊர் அது. அங்கே ஒரு வெள்ளீயச் சுரங்கத்தின் சோதனைக்கூடத்தில், தோண்டிய மண்ணில் ஈயம் எவ்வளவு என்று நிறுத்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. ஈயத்தின் விலை சரிந்தது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, என் தராசும் பெட்டிக்குள் போனது. காலில் இருந்த அரிப்பு மட்டும் போகவில்லை. அன்று முதல் ஊர் சுற்றுகிறேன், சுற்றியதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவே ஒரு பங்குனி மாதம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து தொலைபேசி வந்தது. என் சித்தப்பா மகன் சண்முகம், கடைத்தெரு பூத்திலிருந்து பேசினான்.

“யக்கா, மீட்டரு ஓடுது, வெரசா சொல்லிருதேன். எலுமிச்சைக்குக் கெணறு வெட்டுனேம்லா, அதுல மஞ்சளா மின்னுத கல்லு கெடச்சிருக்கு. பட்ட பட்டயா ஓடுது. நீ சொரங்கத்துல இருந்தவ. ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லு.”

அவன் கையிலிருந்து யாரோ ரிசீவரைப் பறித்தார்கள். அவன் மனைவி இசக்கியம்மாள். “மதினி, தண்ணி பாக்கத் தோண்டுன கெணறு. இப்ப தண்ணிய விட்டுட்டுப் பக்கவாட்டுல பொந்து தோண்டுதாரு இந்த மனுசன். ரெண்டு வருசக் கன்னு அம்புட்டும் தல சாயுது. நீங்க வந்து இவரு புத்திய நேராக்கிட்டுப் போங்க.”

ஒரே அழைப்பில் இரண்டு வேண்டுகோள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். போகாமல் இருக்க முடியுமா?

திருநெல்வேலி சந்திப்பில் இறங்கிய காலையில் வெயில் எனக்கு முன்பே எழுந்து வேலையில் இருந்தது. எங்கள் ஊர் வெப்பம் ஈரத்துணி போல உடம்பில் ஒட்டும். இங்கே அது அடுப்புக் கதவைத் திறந்தாற்போல் முகத்துக்கு நேரே வந்தது. ஓட்டலில் இரண்டு இட்லியோடு போதும் என்றேன். பரிமாறியவர் வாளியை இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றார்.

“எந்த ஊருல இருந்து வாரிய?”

“மலேசியா.”

“அங்கன ரெண்டு இட்லிக்குத்தான் பசிக்குமோ?”

ஐந்து தின்றேன். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறும் கெட்டிப்பால் கோப்பியும் என் ஊரில் எனக்காகக் காத்திருக்கட்டும். அந்த மிளகாய்ப்பொடிக்காக நான் குடியுரிமையை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அம்பாசமுத்திரம் போகும் பேருந்து சேரன்மகாதேவியைத் தாண்டியதும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயர் போய்விட்டது. ஈப்போவில் என்றால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஓட்டுநர் திருகுகளைக் கழற்றி முடிப்பதற்குள் பாதிப் பேருந்து தாமிரபரணியில் முங்கிக் கிடந்தது. துண்டில்லாமல் ஒருவர்கூடப் பயணம் கிளம்புவதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நடத்துநரும் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நான் கரையோர மணலில் குந்தினேன். தண்ணீர் வடிந்த இடத்தில் மணல் அலையலையாக நின்றது. ஒவ்வொரு அலையின் மடிப்பிலும் மை தீட்டினாற்போல் கறுப்புக் கோடு. காந்தத்தை எடுத்து இழுத்தேன். கறுப்பு மணி மணியாக எழுந்து முள்ளம்பன்றியாக ஒட்டிக்கொண்டது.

“என்ன தாயி, ஊசி கீசி தொலஞ்சிட்டா?” ஈரத் தலையோடு பின்னால் நின்றவர் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி. பேருந்தில் என் காலடியில் ஓலைப்பெட்டிகளை அடுக்கியவர்.

“இல்ல அண்ணாச்சி. இரும்பு பொறுக்குறேன்.”

“அதுக்கா மலேசியால இருந்து வந்திய?” குனிந்து பார்த்தார். “இத அள்ளணும்னா எங்க ஊருக்குல்லா வரணும். தேரிச் செம்மணல்ல நடந்தா காலு செவக்கும், கடக்கரையில நடந்தா காலு கருக்கும். எப்படித்தான் வகை பிரிச்சு வச்சிருக்கோ.”

எனக்குப் பிடித்த கேள்வியைக் கேட்டுவிட்டார். மலை மழையில் உதிர்கிறது, உதிர்ந்ததை ஆறு சுமக்கிறது, களைத்த இடத்தில் கனமானதை முதலில் இறக்கி வைக்கிறது, லேசானதைக் கடல்வரை கொண்டுபோகிறது, அங்கே அலை மறுபடி அலசுகிறது என்று ஆற்றைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். எங்கள் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அப்படித்தான் சேர்ந்தது. கருங்கல் மலைக்குள் தூவிக் கிடந்ததை மழை உதிர்த்து, ஆறு உருட்டி, சுண்ணாம்புப் பாறையின் பள்ளங்களில் கொட்டிவைத்தது. பிறகு அதன்மேல் நாங்கள் ஊர் கட்டிக்கொண்டோம்.

“அப்ப மலையச் சுளகுல போட்டுப் புடைக்குது இந்த ஆறுங்கிய.”

“அதேதான் அண்ணாச்சி.”

“நல்ல வீட்டு வேலைக்காரிதான்” என்று ஆற்றைப் பாராட்டிவிட்டு, ஒரு சில்லுக் கருப்பட்டியை உடைத்து என் கையில் வைத்தார். அதில் சுக்கு காரமாக இருந்தது. டயர் மாட்டியாயிற்று என்று ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். நடத்துநர்தான் கடைசியாக வந்து ஏறினார், தலை துவட்டியபடி.

ஆழ்வார்குறிச்சியில் சண்முகம் வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் காத்திருந்தன. சாப்பிட விட்டால்தானே! பூசை அலமாரியிலிருந்து துண்டில் சுற்றிய கல்லை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. வெங்கச்சங்கல், அதாவது வெள்ளைக் கல். அதன் உடம்பெங்கும் மஞ்சள் பொடிப் பொடியாய், சன்னல் வெயில் பட்டதும் சிரித்தது.

“காக்காப்பொன்னுன்னு சொல்லிராத. அது தகடு தகடா உரியும், எங்களுக்குத் தெரியாதா? இது அது இல்ல.”

“அது இல்லதான்” என்றேன். பேனாக்கத்தியால் மஞ்சளைக் கீறினேன். கத்திதான் வழுக்கியது. “தங்கம்னா கத்தி அழுந்தும். இது இரும்பும் கந்தகமும் சேந்தது, தம்பி. உலகம் பூரா ஆளுங்கள ஏமாத்துன கல்லு.”

அவன் முகம் விழுந்தது. ஆனால் என் கத்தி இன்னோர் இடத்தில் கீறியபோது அழுந்தியது. அங்கே மஞ்சள் கொஞ்சம் ஆழமாக, மயில் கழுத்தின் நிறம் ஏறி இருந்தது. நான் ஒரு நொடி தாமதித்தேன். அந்த ஒரு நொடியைச் சண்முகம் பார்த்துவிட்டான்.

“அங்க என்ன?”

“நாளைக்குச் சொல்றேன். மொதல்ல சோறு.”

இசக்கியம்மாள் என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். “நல்லாத் தின்னுங்க மதினி. இந்த வீட்டுல உங்களுக்குத் தெம்பு வேணும்.”

மறுநாள் தோட்டத்துக்குப் போனோம். மேற்கே மலை, சுவர் எழுப்பி வைத்தாற்போல் நெருக்கத்தில் நின்றது. எலுமிச்சைக் கன்றுகள் இடுப்புயரம். இலை ஓரங்கள் சுருண்டு, தளிர்கள் கருகத் தொடங்கியிருந்தன. இசக்கியம்மாள் கால்வாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஒவ்வொரு தூரிலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். கால்வாயில் ஓடியதைத் தண்ணீர் என்று சொன்னால் மரியாதைக்குத்தான். சித்திரை பிறந்தால் அதுவும் இராது.

“இந்தக் கன்னுக்காவ மில்லு வேலைய விட்டாரு,” என்றாள், குடத்தை இறக்காமலே. “கெணறு வந்துரும், மூணாம் வருசம் காய் எடுத்துரலாம்னாரு. கெணறும் வந்துது. ஒன்றரைப் பனை ஆழத்துல இந்தச் சவத்துக் கல்லும் வந்துது.”

கிணற்றின் விளிம்பில் முத்தையா அண்ணாச்சி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஆட்களோடு வந்து தங்கிக் கிணறு வெட்டுகிறவர். பாறையில் கடப்பாரையால் தமர் போட்டு, அந்தத் துளையில் மருந்து இறுக்கி, வெடிவைப்பது அவருடைய தொழில்.

“வாங்கம்மா. நீங்களாவது சொல்லுங்க. நான் கெணறு வெட்டுதேனா, எலிப்பொந்து வெட்டுதேனான்னு எனக்கே வெளங்கல.”

ஆளை ஏற்றி இறக்கும் கூடையில் என்னையும் இறக்கினார்கள். சோதனைக்கூட நாள்களின் காற்சட்டையைப் போட்டிருந்தேன்; அதைப் பார்த்து மேலே நடந்த சிரிப்பு கிணற்றுக்குள் வட்டமடித்தது. கீழே, கிழக்குச் சுவரில் வெள்ளைக் கல் ஒரு சாண் அகலத்தில் சாய்வாக ஓடியது. அதைத் துரத்தி ஓர் ஆள் தவழும் அளவுக்குப் பொந்து குடைந்திருந்தார்கள். டார்ச் அடித்தால் பொந்து முழுக்க மினுமினுப்பு. கிணற்றின் தரையோ காய்ந்து கிடந்தது, துடைத்துவிட்ட அம்மிபோல.

மேலே வந்ததும் முத்தையா அண்ணாச்சி விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவர் ஊரில் அம்மன் கொடை, கோயில் திருவிழா. வெள்ளிக்கிழமை கால்நாட்டு. கால் நாட்டிய பிறகு ஊர்க்காரன் எவனும் வெளியூரில் தங்கக்கூடாது, மண்ணில் கடப்பாரை இறக்கக்கூடாது. அது முடிந்தால் பங்காளி ஊர்க் கொடைகள், சித்திரை முழுக்க.

“வியாழக்கிழமை மத்தியானம் வண்டி ஏறிருவோம். மருந்து ஒரு சுத்துக்குத்தான் இருக்கு. பொந்துக்குள்ள வைக்கவா, தரையில வைக்கவா? எனக்கு ரெண்டும் ஒரே பாறதான். அண்ணன் தம்பி அக்கா எல்லாம் கூடிப் பேசிச் சொல்லுங்க.”

அன்று செவ்வாய்.

சண்முகத்தின் ஆசையை ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். டிராக்டர் பட்டறையில் கொஞ்சம் பேட்டரி அமிலம் வாங்கினேன். கல்லைப் பொடித்து, உடைந்த சட்டி ஓட்டில் போட்டு அடுப்பில் வறுத்தேன். கந்தக நெடி கிளம்பி வீட்டை விட்டு எல்லோரையும் துரத்தியது. “தீவாளி வாட அடிக்கி,” என்று இருமினாள் இசக்கியம்மாள். வறுத்த பொடியைக் கொல்லைப்புறத்தில் அமிலத்தில் கரைத்து, தெளிந்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் இறுத்தேன். மயில் கழுத்து நிறம் காட்டிய இடத்தில் செம்பு இருந்தால், அது இரும்பின்மேல் சிவப்பாகப் படியும். இராது, அல்லது கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டி முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. வேடிக்கை பார்க்கத் தெருவே வந்திருந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் ஆணியை நூலில் கட்டி உள்ளே விட்டேன்.

வெளியே எடுத்தபோது ஆணி சிவந்திருந்தது. வெட்கப்பட்ட கன்னம்போல, மெல்லிய, மறுக்கமுடியாத சிவப்பு.

“செம்பு!” என்றான் சண்முகம்.

“ஏலே, செம்பு கெடச்சிட்டு!” என்று யாரோ தெருவுக்குச் சொன்னார். “ஆத்துக்குப் பேரு சும்மாவா வச்சிருக்கான்?” என்றார் இன்னொருவர். “சம்முவம், எங்கள மறந்துராத வே. குத்துவெளக்கு உங்க கெணத்துச் செம்புலதான் வார்க்கணும்.” ஆணி கை மாறிக் கை மாறித் தெருமுனை டீக்கடை வரை போயிற்று. திரும்பி வரவில்லை.

இசக்கியம்மாள் மட்டும் என்னைப் பார்த்தாள். “மதினி, நீங்க புத்திய நேராக்க வந்தியளா, திருக வந்தியளா?”

எனக்குக் கோபம் வந்தது. ஆணி பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லப் போவதில்லை. இருக்கிறதா என்ற கேள்விக்குச் சோதனைக்கூடத்தில் நாங்கள் மதிப்பே கொடுத்ததில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. இருக்கிறதா என்றால், எல்லா இடத்திலும் எல்லாம் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும் வீட்டுக்கு அடியில் கிடக்கும் பாறையிலும் செம்பு உண்டு. ஒரு மாட்டுவண்டிப் பாறையை உடைத்தால் ஒரு தேக்கரண்டி தேறலாம். ஈயம் அதைவிடக் கஞ்சம். இந்தப் பூமி வறியவர் கல்யாணத்து ஜவ்வரிசிப் பாயசம்போல. முந்திரி உண்டு, அண்டா முழுக்கத் தேட வேண்டும். சுரங்கம் என்று ஆக வேண்டுமானால் யாரோ முந்திரியை எல்லாம் ஒரே கரண்டியில் சேர்த்துத் தர வேண்டும், குறைந்தது நூறு மடங்கு. அந்த யாரோ யார் என்பதே முழுக்கதை.

மறுநாள் காலையில் அதைச் சண்முகத்துக்குக் கையாலேயே காட்டத் தீர்மானித்தேன். பொந்திலிருந்து ஒரு கடவப்பெட்டி கல் எடுத்துவரச் சொன்னேன். “நல்லா மின்னுறதாப் பாத்து நீயே பொறுக்கு. பிறகு அக்கா மட்டமான கல்லா எடுத்துட்டான்னு சொல்லக் கூடாது.” தொழுவத்தில் கிடந்த பழைய உரலில் அவனே இடித்தான். கை கொப்பளித்தது.

ஈப்போவில் பெண்கள் ஆற்றில் இறங்கி அகன்ற மரத்தட்டில் மண்ணை அலசி ஈயம் எடுப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சீனத்தி அப்படி அலசிப் பிள்ளைகளை வளர்த்தாள். “தட்டைச் சுற்றாதே, தண்ணீரைச் சுற்று,” என்று மலாயில் என்னை அதட்டியிருக்கிறாள். அந்தத் தட்டுக்கு இங்கே எங்கே போவது என்று கேட்டேன். இசக்கியம்மாள் உள்ளே போய் அரிக்கன்சட்டியைக் கொண்டுவந்தாள். அரிசியில் கல் அரிக்கிற மண்சட்டி. உள்பக்கம் முழுக்க வரி வரியாக மேடு. தண்ணீரைச் சுழற்ற அரிசி வழிந்துபோகும், கல் வரிகளில் தங்கிவிடும். சுரங்கத்து மரவாய்க்காலில் நாங்கள் குறுக்குச் சட்டங்கள் அடித்தது இதற்காகத்தான். இடித்த பொடியைப் போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். ஒரு தளும்பல் தப்பாமல் சுழற்றினாள். வெள்ளைப் பொடி பாலாக வழிந்தது. கடவப்பெட்டி முழுதும் சட்டியேறி இறங்கிய பிறகு வரிகளில் கொஞ்சம் மஞ்சள் தங்கியது. அதில் இரும்புக் கல்லைக் கண்ணாடி வைத்து ஒதுக்கினேன். செம்புக்கல் என்று மிஞ்சியது, மூக்குப்பொடி போடுகிறவர் ஒரு தடவைக்கு எடுக்கும் அளவு.

“இதுலயும் பாதிக்கு மேல கந்தகமும் இரும்பும். மிச்சந்தான் செம்பு,” என்றேன்.

சண்முகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “உள்ள போகப் போகக் கூடுமேக்கா. உங்க ஊருல மட்டும் எப்படி மலை மலையாச் சேந்துது?”

அவன் முட்டாள் இல்லை. சரியான இடத்தைத் தொட்டான். சொன்னேன்: ஆழத்தில் கல்லே வேகிற சூட்டில், பாறைகளிலிருந்து தண்ணீர் பிரியும். உப்பும் கந்தகமும் கலந்த கொதிநீர். அது போகிற வழியெல்லாம் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். விரிசல் கிடைத்தால் ஏறும். ஏற ஏற ஆறும். ஆறினால் சுமை தாங்காமல் இறக்கிவிடும், வெள்ளைக் கல்லும் மஞ்சள் கல்லுமாக. உன் கிணற்றுப் பட்டை அப்படி ஒரு பழைய வழிதான். ஆனால் அந்த வழியில் வண்டி ஒன்றிரண்டுதான் போயிருக்கிறது. சுரங்கம் வேண்டுமானால் சந்தைக்குப் போகிற பாதைபோல ஓயாமல் ஓடியிருக்க வேண்டும். இந்த மலையின் பாறை ஆதியிலேயே ஆழத்தில் கிடந்து வெந்து வெந்து, தன் சாறெல்லாம் போய்ச் சுண்டிய பாறை. பொரியலிலிருந்து ரசம் எடுக்க முடியுமா?

“ஒரு சாண் பட்டை பத்து முழமா விரிஞ்சா?”

“விரியாது.”

“அவ்வளவு நிச்சயமாச் சொல்லுத.”

“நிறுத்தே வயசானவ நான்.”

அவன் எழுந்து போய்விட்டான். இசக்கியம்மாள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். “கேக்க மாட்டாரு, மதினி. இல்லன்னு சொன்னா மனுசன் கேக்க மாட்டாரு. வேற என்னத்தயாவது இருக்குன்னு சொல்லணும்.”

அந்த வாக்கியத்தோடு அன்று மாலை மறுபடியும் கிணற்றில் இறங்கினேன்.

பொந்தைப் பார்க்காமல் பட்டையைப் பார்த்தேன். அது கிழக்குச் சுவரிலிருந்து தரையைக் கடந்து மேற்கு மூலையில் கீழே இறங்குகிறது. மேற்கு மூலையில் யாரும் அக்கறை காட்டவில்லை, ஏனென்றால் அங்கே அது மின்னவில்லை. காவி நிறம். விரலால் குடைந்தால் வெல்லம்போல உதிர்ந்தது. துரு! மின்னுகிற இடம், உருவான நாளிலிருந்து தண்ணீர் தொடாத இடம். அதனால்தான் புது மெருகு. துருப்பிடித்த இடத்துக்கோ தண்ணீர் வந்து போயிருக்கிறது. வந்து போகாமல் துரு ஏது? கொதிநீர் வந்த பழைய விரிசல் அந்த மூலையில் மறுபடி திறந்திருக்கிறது. மழை நீர் மலையடியிலிருந்து அதன் வழியே ஊர்ந்திருக்கிறது. ஒரு துண்டைப் பெயர்த்துக் கன்னத்தில் வைத்தேன். குளிர்ந்தது.

“தம்பி!” என்று கத்தினேன். “இறங்கி வா!”

இரண்டு கையிலும் இரண்டு கல்லை வைத்து அவனிடம் நீட்டினேன். “இது மின்னுது. வறண்ட கல்லு. இது துரு. தண்ணி நடந்த தடம். நீ தடத்த விட்டுட்டு மினுக்கத் தொரத்துற.”

பின்னாலேயே கூடையில் இறங்கிய முத்தையா அண்ணாச்சி எட்டிப்பார்த்தார். “அந்த மூலையில தமர் போட்டா கம்பி சுளுவா எறங்கும்னு எனக்கும் பட்டுது. சொன்னா யாரு கேக்கா?”

“சொல்லவே இல்லியே வே!” என்றான் சண்முகம்.

“நீங்க எங்க சொல்ல விட்டிய? செம்பு செம்புன்னு நின்னிய.”

சண்முகம் இரண்டு கல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். மேலே, கிணற்றின் வட்ட வாயில் இசக்கியம்மாளின் தலை தெரிந்தது. அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான், பிறகு என்னை.

“தண்ணி வரலேன்னா?”

“வரும்.”

“வரலேன்னா என் கன்னு போச்சு. செம்பும் போச்சு. ரெண்டுங்கெட்டு நிப்பேன்க்கா.”

“பொந்துல வச்சா கன்னு போறது நிச்சயம். இங்க வச்சா ஒரு வழி இருக்கு. நான் சொல்றது அவ்வளவுதான்.”

துருக்கல்லை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். பிறகு மின்னிய கல்லைத் தரையில் போட்டான், மெதுவாகத்தான். “அண்ணாச்சி, மேக்கு மூலையில போடுங்க. மருந்து அம்புட்டையும்.”

வியாழன் காலை கம்பி இறங்கிய சத்தமே வேறாக இருந்தது. கிணற்றைச் சுற்றி எலுமிச்சம்பழம் வெட்டி நாலு திசைக்கும் எறிந்தார் முத்தையா அண்ணாச்சி. கடையில் வாங்கிய பழம். “அடுத்த வெடிக்குத் தோட்டத்துப் பழமே கொடுங்க,” என்று சண்முகத்தைச் சீண்டினார். திரி பற்றியது. “வெடீ… வெடீ…” என்ற கூவலோடு எல்லோரும் ஓடினோம். பூமி ஒருமுறை தும்மியது. கன்றுகளின் இலையெல்லாம் தூசி.

புகை அடங்கியதும் இறங்கிய சண்முகம் கீழிருந்து குரல் கொடுத்தான். “ஈரம் இருக்கு. தண்ணி இல்ல.”

நானும் இறங்கிப் பார்த்தேன். உடைந்த பாறை நனைந்திருந்தது, வேர்த்த முதுகுபோல. அவ்வளவுதான். ஆட்கள் கல்லை அள்ளி ஏற்றினார்கள், கூடையை ஏற்றி இறக்கிய தூக்கியைக் கழற்றினார்கள், வண்டியில் போட்டார்கள். ஏறும்போது முத்தையா அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: “பொறுக்கணும்மா. பாறைக்குப் பைய வர்றதுதான் வழக்கம்.” அவர் போனதும் தோட்டம் காலியாகிவிட்டது. நான் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை; ஆனால் அன்று இரவு இலையில் சோற்றை அப்படியே வைத்து எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எனக்குப் பேருந்து. அதற்கு முன் மூன்று பேரும் தோட்டத்துக்கு நடந்தோம். கிணற்று விளிம்பில் குறுக்கே கிடந்த பனந்தடியில் இசக்கியம்மாள் கயிற்றைப் போட்டு வாளியை விட்டாள். கயிறு அவள் கை வழியே ஓடியது, ஓடியது. கல்லில் மோதும் ஓசைக்காகக் காது காத்திருந்தது.

வேறு ஓசை கேட்டது.

சண்முகம் விளிம்பில் குப்புறப் படுத்துப் பார்த்தான். மேற்கு மூலையில் வானத்தின் ஒரு துண்டு கீழே கிடந்து ஆடியது. அவன் எழவே இல்லை.

வாளி மேலே வந்தது. காவி நிறத் தண்ணீர். நான் நாக்கில் வைத்தேன். ஆணியைச் சப்பிய ருசி. துரு அடியில் தங்கிவிடும், தொட்டியில் ஒருநாள் நிறுத்திப் பாய்ச்சினால் தெளியும், கொஞ்சம் சுண்ணாம்பும் போடலாம் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் இசக்கியம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் முதல் கன்றுக்குப் போய்விட்டாள்.

“ஏட்டி, நில்லு!” சண்முகம் எழுந்து ஓடினான். “துருத்தண்ணி. கன்னு குடிக்குமான்னு அக்காட்ட கேட்டுட்டு ஊத்து.”

அவள் ஊற்றி முடித்தாள். வெடித்த மண் ‘உஸ்’ஸென்று உறிஞ்சியது.

“கன்னு ஒண்ணும் கேக்கலயே,” என்றாள். “நீங்க என்னத்தக் கேக்கிய? அடுத்த வாளியப் போடுங்க.”

அவன் கயிற்றை எடுத்தான்.